அரங்கசாமியின் மத்தியானச் சோறு

அரங்கசாமி நாயுடுவுக்குச் சோறு என்றால் உயிர். பீளமேட்டில் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் மோட்டார் பட்டறை அவருடையது. எந்த அவசர ஆர்டராக இருந்தாலும் மத்தியானம் ஒரு மணிக்கு அவருடைய ஸ்கூட்டர் வீட்டு வாசலில் வந்து நின்றுவிடும். கையைக் கழுவி இலை முன்னால் உட்கார்ந்தால் குழம்புக்கு ஒரு தரம், ரசத்துக்கு ஒரு தரம், தயிருக்கு ஒரு தரம், அப்புறம் ஊறுகாய் மீந்து கிடக்கிறதே என்று அதற்காக ஒரு தரம். கல்யாணமான புதிதில் மனைவி பங்காரம்மா இதைப் பார்த்துப் பூரித்துப் போவாள். சமைக்கிறவளுக்கு இதைவிட வேறென்ன மரியாதை வேண்டும்?

அந்தச் சோறே அவர் உயிருக்கு உலை வைக்கப் பார்க்கிறது என்பது தொண்ணூற்றைந்தாம் வருஷம் தை மாதம் தெரிந்தது. சர்க்கரை. காந்திபுரத்தில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் சாஜிதா பேகம் மாத்திரை எழுதிக் கொடுத்தார், நடக்கச் சொன்னார், மாவுச்சத்தைக் குறைக்கச் சொன்னார். மாத்திரையை அரங்கசாமி விழுங்கினார். நடக்கவும் நடந்தார். மாவுச்சத்து என்று டாக்டர் சொன்னது தன் வீட்டுச் சோற்றைத்தான் என்பது மட்டும் ஏழெட்டு மாதமாக அவருக்குப் புரியவே இல்லை.

ஆவணியில் டாக்டரம்மா கறாராகப் பேசினார். "மத்தியானச் சோத்த மட்டுமாச்சும் நிறுத்துங்க. இல்லீன்னா அடுத்த மாசம் ஊசிதான்."

ஊசிக்குக்கூடப் பங்காரம்மா பயப்படவில்லை. மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டி வைத்திருந்த அவளுடைய அண்ணனுக்கும் இதே சர்க்கரைதான். அவரும் இப்படித்தான் "ஒண்ணும் ஆகாது போ" என்று சிரித்துக்கொண்டிருந்தார். போன மாசியில் செருப்புக் கடித்த புண் ஆறாமல் போய், வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கட்டிலில் போர்வை ஒரு பக்கம் மட்டும் தட்டையாகக் கிடந்ததைப் பங்காரம்மா பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து புருஷனுக்குச் சோறு போடும்போதெல்லாம் அவள் கண் தன்னை அறியாமல் அவர் பாதத்துக்குப் போய்விடும்.

அவளும் என்னென்னவோ செய்து பார்த்தாள். கோதுமை ரவை கிண்டினாள். காய்ச்சல்காரன் சாப்பாடு என்றார். முட்டைக்கோஸ் பொரியலை மலையாகக் குவித்து வைத்தாள். அதைத் தொட்டுக்கொண்டு இன்னும் கொஞ்சம் சோறு வாங்கிக்கொண்டார். கெஞ்சினாள், கோபித்துக்கொண்டாள், ஒரு நாள் பேசாமல் இருந்து பார்த்தாள். பேசாமல் இருந்தது அவருக்கு நிம்மதியாகப் போய்விட்டது.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு அலமாரியின் மேலே அட்டைப்பெட்டியோடு தூங்கிக்கொண்டிருந்த அமெரிக்கச் சட்டி ஞாபகம் வந்தது. டெட்ராய்ட்டில் வேலை பார்க்கும் மகன் சசிதர் போன விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்தது. வெளியே தகரக் கூடு, உள்ளே பளபளவென்ற பீங்கான் பானை, மேலே கண்ணாடி மூடி, ஒரு கரண்டு வயர். எட்டு மணி நேரம் இளஞ்சூட்டிலேயே வேகவைக்கும், கிழட்டுச் சேவலைக்கூடப் பஞ்சாக்கிவிடும் என்று சொல்லியிருந்தான். "மூடிய மட்டும் தெறக்காதீங்கம்மா. ஒரு தடவ தெறந்தா அரை மணி நேரம் தள்ளிப்போயிரும்." அந்த ஊரில் சர்க்கரைக்காரர்கள் சோறு, ரொட்டி எதுவும் இல்லாமல் கோழியும் காயும் போட்டு இதில் சூப்பு வைத்து, அதையே முழுச் சாப்பாடாகச் சாப்பிடுகிறார்கள் என்றும் சொல்லியிருந்தான்.

"சூப்பு சாப்பாடு ஆவுமா?" என்றார் அரங்கசாமி. "அது சாப்பாட்டுக்கு முன்னால குடிக்கறது."

"ஒரே ஒரு நாளுங்க. வயிறு நெறயலீன்னா என்னையக் கேளுங்க."

அரங்கசாமி யோசித்தார். மனைவியின் நச்சரிப்புக்கு ஒரேயடியாக முடிவு கட்ட இது நல்ல வழியாகத் தெரிந்தது. பட்டறையில் மோட்டாரை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றும்போது நிபந்தனை சொல்கிற அதே குரலில் சொன்னார்: "சரி. ஞாயித்துக்கிழம மத்தியானம் உன்ற சூப்பு மட்டும் குடிக்கறேன். அதுல அரிசி, மாவு, கெழங்கு ஒண்ணும் இருக்கப்படாது. சாப்பிட்டு ரெண்டு மணி நேரங் கழிச்சு டியூப்புல பாப்போம். பச்ச வந்துச்சுன்னா மத்தியானச் சோத்துக்கு அன்னியோட முழுக்கு. மஞ்சளையும் தாண்டிப் போச்சுன்னா இந்தப் பேச்ச நீ மறுபடி எடுக்கவே கூடாது."

டியூப்பு என்றது சோதனைக் குழாயை. நீலநிற மருந்தில் எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைத்தால், சர்க்கரை இல்லையென்றால் நீலமாகவே இருக்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, அப்புறம் மஞ்சள், ஆரஞ்சு, ரொம்ப முற்றினால் செங்கல் நிறம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அரங்கசாமிக்குத் தினமும் செங்கல்தான்.

பங்காரம்மா ஒப்புக்கொண்டாள். அடுத்த வாரம் புரட்டாசி பிறந்துவிடும். பெருமாள் மாதம் முழுக்க வீட்டுக்குள் கோழி நுழையாது. ஒரு மாதம் தள்ளிப்போட்டால் அதற்குள் ஊசியே வந்துவிடும். இந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டால் அவளுக்கு வேறு நாள் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. அமெரிக்கச் சட்டிக்கு நூற்றுப்பத்து வோல்ட்தான் ஆகும். நம்மூர் கரண்டில் சொருகினால் பொசுங்கிப் போகும். சட்டியை முடக்கிப் போட அரங்கசாமிக்கு இது ஒன்றே போதுமாக இருந்தது. ஆனால் ஒரு யந்திரம் ஓடாமல் கிடக்கிறது என்று தெரிந்த பிறகு சும்மா இருக்க அவரால் முடியாது. அது அவர் ரத்தத்தில் இல்லை. வெள்ளிக்கிழமை பட்டறையில் தன் கையாலேயே செப்புக் கம்பிக் காயில் சுற்றி, வோல்டேஜை இறக்கிக் கொடுக்கிற டிரான்ஸ்பார்மர் ஒன்றைச் செய்து கொண்டுவந்து வைத்துவிட்டார். பொட்டுச் சத்தம் இல்லாமல் ஓடியது. தனக்கு எதிரான பந்தயத்துக்குத் தானே கரண்டு கொடுத்திருக்கிறோம் என்பது சனிக்கிழமை சாயந்திரம்தான் அவருக்கு உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் ராமாத்தாள் வந்துவிட்டாள். இருபது வருஷமாக இந்த வீட்டில் வேலை செய்கிறவள். கோழி அறுத்து மஞ்சள் தடவி வாட்டுவதில் அவள் கைக்கு நிகர் அந்தத் தெருவில் கிடையாது. அந்தியூர்ப் பக்கத்திலிருந்து வந்த நல்ல திடமான நாட்டுச் சேவல். அவள் துண்டு போட, பங்காரம்மா குளித்துவிட்டு வந்து புதுச்சட்டிக்குச் செய்ய வேண்டிய முறையெல்லாம் செய்து, பெருமாளை நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டாள். கோழி, சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, நூல்கோல், பீன்ஸ், கொரகொரப்பாக நுணுக்கிய மிளகும் சீரகமும், ஒரு கொத்துக் கறிவேப்பிலை, உப்பு, தண்ணீர். ஐந்து மணிக்கு மூடியைப் போட்டு சுவிட்சைத் தட்டினாள்.

ஆறு மணிக்குச் சட்டி சும்மா இருந்தது. ஏழு மணிக்கும் சும்மா இருந்தது. குக்கர் என்றால் விசில் அடிக்கும், குழம்பு என்றால் தளபுளவென்று கொதிக்கும், இது ஆனால் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. பங்காரம்மாவுக்குக் கை நமநமத்தது. முப்பது வருஷமாகக் கிளறி, எட்டிப் பார்த்து, உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்த்துச் சமைத்தவளை மூடியைத் தொடாதே என்றால் எப்படி? பதறாத காரியம் சிதறாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, முந்தானையை இறுகச் சொருகிக்கொண்டு கோவிலுக்குப் போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது வாசல் கேட்டிலேயே மணம் வந்தது. மிளகும் கோழியும் சேர்ந்து வீட்டையே தூக்கிக்கொண்டிருந்தது. பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்த அரங்கசாமி அரை மணி நேரமாக ஒரே பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணிக்கு இலை இல்லை, தட்டம் இல்லை, முன்னால் ஒரு பெரிய கிண்ணமும் கரண்டியும் மட்டும். அரங்கசாமி பலிக்குப் போகிற ஆடு மாதிரிதான் உட்கார்ந்தார். முதல் கரண்டி வாய்க்குள் போனது. நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். இரண்டாவது போனது. கறியை விரலால் தொட்டதும் எலும்பை விட்டுத் தானாகக் கழன்று வந்தது. அப்புறம் அவர் நிமிரவே இல்லை.

மூன்றாவது கிண்ணத்தில்தான் வாயைத் திறந்தார். "ஏன் பங்காரு, கெட்டியா இருக்குதே. மாவு கீவு போட்டியா?"

"சத்தியமா இல்லீங்க. எட்டு மணி நேரம் வெந்ததுல எலும்பெல்லாம் எறங்கியிருக்கும்."

"வயிறு நெறஞ்சு போச்சு" என்றார். சொல்லிவிட்டோமே என்று உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். பங்காரம்மா அடுப்படிக்குள் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். சட்டியில் மீந்திருந்த இரண்டு கிண்ணத்தை அவளும் ராமாத்தாளும் சாப்பிட்டார்கள்.

மூன்று மணிக்கு அரங்கசாமி ஜன்னலோரத்தில் ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்தார். பங்காரம்மா கதவுக்குப் பின்னால் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தாள். குழாயில் நீலம் கொதித்தது. பச்சையானது. அதோடு நில்லு பெருமாளே என்றாள். நிற்கவில்லை. மஞ்சளாகி, மஞ்சளையும் தாண்டி, நல்ல கமலா ஆரஞ்சுப் பழத்தோல் நிறத்தில் போய் உட்கார்ந்தது.

வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது அரங்கசாமிக்கு. "பாத்துக்கோ. சோறே இல்லாமயும் சக்கர வருது. அப்பச் சோத்து மேல என்ன தப்பு? ராத்திரிக்கு நல்லா வெள்ளச் சோறு ஆக்கு, கூட ஒரு பருப்பு. இனிமே இந்தப் பேச்சு இல்ல, ஆமா."

பங்காரம்மா அடுப்படிக்குப் போய் மணைக்கட்டையில் உட்கார்ந்தாள். கோழியிலும் பீன்ஸிலும் அவ்வளவு சர்க்கரை எங்கிருந்து வரும்? யாரோ எதையோ போட்டிருக்க வேண்டும். சட்டியைக் கழுவிக்கொண்டிருந்த ராமாத்தாளின் முதுகு அவள் கண்ணில் பட்டது.

"ராமாத்தா, நான் கோயிலுக்குப் போனப்ப மூடியத் தொறந்தியா?"

ராமாத்தாள் கையை உதறிவிட்டுத் திரும்பினாள். "ஒருக்காத் தொறந்தேனுங்க அம்மணி. வேகுதா இல்லியான்னே தெரியலியே, அதுக்குத்தான்."

"தொறந்து என்ன போட்டே? பாவம் மனுசன் சோறில்லாமத் திங்கறாருன்னு ஒரு கை மாவு கரைச்சு ஊத்திட்டியா? நெசத்தச் சொல்லு."

ராமாத்தாளின் முகம் சுருங்கிப் போனது. இருபது வருஷத்தில் அவளை இந்த வீட்டில் யாரும் இப்படிக் கேட்டதில்லை. "நான் எதுக்குங்க போடறேன்? எங்கய்யனும் சக்கரையிலதானுங்க போனாரு. ஒருத்தரு மருந்துச் சாப்பாட்டுல கை வெக்கற ஆளா நானு?"

"அப்பறம் எப்படி ஆரஞ்சு வரும்?"

"அது எனக்கென்னங்க தெரியும். காத்தால நீங்க போட்டது போட்டபடிதான இருந்துச்சு. நான் பக்கத்துலயே நின்னு பாத்தேனுங்களே. சட்டிக்கு மஞ்சப் பூசிப் பொட்டு வெச்சீங்க, கற்பூரங் காட்டினீங்க, ஒரு பிடி அரிசி போட்டீங்க, அப்பறங் கோழியப் போட்டீங்க."

பங்காரம்மா தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள்.

புதுப் பாத்திரம் வீட்டுக்கு வந்தால் முதலில் ஒரு பிடி அரிசியை அதில் போட வேண்டும். வெண்கலப் பானைக்கும் போட்டாள், குக்கர் வாங்கிய அன்றைக்கும் போட்டாள். பிறந்த வீட்டிலிருந்து வந்த பழக்கம். வலது கை தன்பாட்டுக்கு அரிசிப் பானைக்குள் போய், தன்பாட்டுக்கு ஒரு பிடி அள்ளி, தன்பாட்டுக்குச் சட்டியில் போட்டுவிட்டது. மனசு அப்போது பெருமாளிடம் புருஷனின் காலைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தது. எட்டு மணி நேரத்தில் அரிசி குழைந்து, கரைந்து, இருந்த இடம் தெரியாமல் போயிருக்கிறது. எலும்பு இறங்கியதாம், எலும்பு.

"அப்பவே ஏன் சொல்லல ராமாத்தா?"

"புதுச்சட்டிக்கு அரிசி போடறது மொறதானுங்களே" என்றாள் ராமாத்தாள். "போடாம இருந்திருந்தீங்கன்னாத்தான் ஏனுங்க போடலீன்னு கேட்டிருப்பேன்."

பங்காரம்மாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்து போய் ராமாத்தாளின் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டாள். "உம்மேல பழி போட்டுப்போட்டேன். மனசுல வெச்சுக்காத ராமாத்தா. புத்தி கெட்டுப்போய்ப் பேசிட்டேன்."

"போச்சாது போங்க" என்றாள் ராமாத்தாள். ஆனால் உடனே சிரித்துவிடவில்லை. கொஞ்ச நேரம் கையை அப்படியே கொடுத்திருந்துவிட்டு, "மொதல்ல போய் ஐயாகிட்டச் சொல்லுங்க" என்றாள்.

சொல்வதா வேண்டாமா என்று ஒரு நிமிஷம் மனசு ஊசலாடியது. சொன்னால், நிபந்தனையை மீறியது நீதானே என்று இன்னும் பெரிதாகச் சிரிப்பார். தெரு முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். சொல்லாவிட்டால் மரியாதையாவது மிஞ்சும். மரியாதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அண்ணன் வீட்டுக் கட்டில் நினைவுக்கு வந்தது. விடுவிடுவென்று கூடத்துக்குப் போனாள்.

"ஏனுங்க, பந்தயத்த நானே கெடுத்துப்போட்டேனுங்க" என்று ஆரம்பித்து மஞ்சள், பொட்டு, கற்பூரம், அரிசி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

அரங்கசாமி சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "நல்ல பொம்பளடி நீ. சோத்த நிறுத்தற சட்டிக்குச் சோத்தப் போட்டு பூச பண்ணிருக்கறே." அவள் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டாள்.

சிரித்துக்கொண்டே இருந்தவர் நடுவில் நின்றார். ஜன்னலோரம் வைத்திருந்த குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எவ்வளவு அரிசி?"

"ஒரு பிடிங்க."

"உன்ற பிடியா?"

அவள் வலது கையை மூடிக் காட்டினாள். சின்னக் கை.

"சட்டில அஞ்சு கிண்ணம் இருந்துச்சு. நான் குடிச்சது மூணு. அப்ப எனக்குள்ள ஒரு முழுப் பிடிகூடப் போகல." அவர் அவளிடம் பேசவில்லை, பட்டறையில் ரீடிங் எடுக்கிறபோது முணுமுணுப்பதுபோலத் தனக்குள் பேசிக்கொண்டிருந்தார். "அரைப்பிடிச் சொச்சத்துக்கே இந்த நெறம்." பிறகு திரும்பினார். "பங்காரு, நித்தமும் மத்தியானத்துக்கு எனக்கு எத்தன பிடி போடறே?"

"ஆறுங்க."

"ஆறா?"

"நாள் கெழமைன்னா ஏழு."

அரங்கசாமி குழாயைக் கீழே வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்து, தன் இரண்டு பாதங்களையும் ஏதோ புதிதாகப் பார்ப்பவர்போல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு ஆம்பியர் தாங்கற மோட்டாருக்கு முப்பது ஆம்பியர் குடுத்து ஓட்டிருக்கேன்" என்றார். "பட்டறைல எவனாச்சும் இப்படிப் பண்ணிருந்தா அன்னிக்கே ஊட்டுக்கு அனுப்பிருப்பேன். காயில் எரியாம இத்தன நாள் இருந்ததே பெருசு." குரல் இறங்கியது. "உங்கண்ணனப் பாத்துட்டு வந்ததுல இருந்து எனக்கும் பயந்தான். சொல்லிக்கல."

எட்டு மாதம் தான் மட்டும்தான் பயந்துகொண்டிருந்ததாகப் பங்காரம்மா நினைத்திருந்தாள்.

அவர் முகத்தைப் பழையபடி பட்டறை முதலாளியின் முகமாக ஆக்கிக்கொண்டு, சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தபடி கேட்டார்: "அடுத்த வாரம் புரட்டாசி பொறக்குது. கோழி ஆகாதில்ல?"

"ஆகாதுங்க."

"அப்ப ஒரு மாசத்துக்கு மத்தியானத்துல அந்தச் சட்டில எனக்கு என்ன போடுவே?"

அவளுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் காளான் என்று சொல்ல வாயெடுத்தாள், பன்னீர் என்றும் சொல்லப் பார்த்தாள், இரண்டும் வெளியே வரவில்லை. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்து, தை மாதத்திலிருந்து சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அழுது தீர்த்தாள். அடுப்படியிலிருந்து ஓடிவந்த ராமாத்தாள் கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

அரங்கசாமிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எழுந்து வந்து அவள் பக்கத்தில் குனிந்து நின்றார்.

"நீ ஏன் பங்காரு அழுவறே?" என்றார். "சோத்த வுட்டவன் நானு."